அரிசிச் சாக்கில் வால்நட்

சிவகுருநாதனுக்கு ஓசி மரம் என்றால் உயிர். ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எந்தத் தெருவில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டாலும் அவருடைய கார் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். மரத்துக்குச் சொந்தக்காரரிடம் பல்லைக் காட்டி இரண்டு துண்டு கேட்பார். இடம் காலியானால் சரி என்று அவர்களும் கொடுத்துவிடுவார்கள். அதைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிக் கிண்ணம் கடைவது அவருடைய பொழுதுபோக்கு. ஐந்து வருடத்தில் கடைந்தது பதினொரு கிண்ணம். சேர்த்த மரத்தால் வீட்டுக்குக் கீழே நிலவறையாக இருந்த கெல்லரில் கால் வைக்க இடமில்லை.

கடைசியில் மனைவி சுகன்யாதேவி எல்லாவற்றையும் வெளியேற்றினாள். "இனி ஒரு துண்டு மரம் இந்த வீட்டுக்குள்ள வந்தா, நான் மகளிட்டப் போறன்," என்று சொல்லி, அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

சத்தியம் இரண்டு கிழமை தாங்கியது. மூன்றாம் கிழமை பக்கத்து வீட்டு ஜேர்மன் கிழவி தன் வால்நட் மரத்தை வெட்டுவித்தாள். அடிமரம் இரண்டாகப் பிரியும் கவர்த் துண்டு புல்லில் கிடந்தது. கவரைப் பிளந்தால் உள்ளே மயிலிறகு விரித்தது போல ரேகை இருக்கும். அப்படி ஒன்றுக்காக அவர் எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறார்! அதை அடுப்புக்குப் போகவிட மனிதனால் முடியுமா?

தமிழ்க் கடையில் வாங்கிய அரிசியின் வெறும் சாக்குகள் கைகொடுத்தன. காயும்போது வெடிக்காமல் இருக்க, கவருக்கும் கூடவே வாங்கிய அடிமரத் துண்டுகளுக்கும் இரு முனையிலும் மெழுகு பூசினார். மூன்று சாக்குகளில் திணித்துப் பச்சைக் கயிற்றால் கட்டி, உண்மையான அரிசி மூட்டை ஒன்றோடு அடுக்கி வைத்தார். கெல்லர்க் கதவின் மரச்சட்ட இடைவெளியால் பார்த்த சுகன்யாதேவிக்கு, மனிசன் மரத்தை விட்டு அரிசியில் அக்கறை காட்டுகிறாரே என்று ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் வினையானது. மறு தையில், தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொங்கலுக்கு யார் என்ன தருவது என்று பேச்சு வந்தபோது, "எங்கட கெல்லரில நாலு மூட்டை அரிசி கிடக்கு, நாங்கள் தாறம்," என்று அவள் எழுந்து சொல்லிவிட்டாள். அதை அவரிடம் சொல்ல மட்டும் மறந்துபோனாள்.

பொங்கலன்று அவர் காலை வேலை முடிந்து நேரே பள்ளிக்கூட முற்றத்துக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. செயலாளர் ராசன் கடையில் வாங்கிய ஈர விறகை ஊதி ஊதிக் களைத்திருந்தான். ஆட்கள் உட்காரும் வாங்கில் நாலு சாக்கு. பச்சைக் கயிறு. சிவகுருநாதன் ஓடிப்போய்ச் சாக்குகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாரம் அண்ணை உங்கட அரிசி! வான் வண்டியில ஏத்தேக்க இடுப்புப் பிடிச்சுப் போச்சு," என்றான் ராசன்.

"உந்தச் சாக்கைத் தொடாதை தம்பி. அது பழைய அரிசி, வண்டு விழுந்திட்டுது."

அந்தச் சொல்லோடு கெட்டது காரியம்.

"வண்டோ? என்ர வீட்டு அரிசியிலயோ?" ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, சுகன்யாதேவி கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். உள்ளே மெழுகு மினுமினுக்க வால்நட் கவர்.

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"விறகு! அரிசி மட்டும் குடுத்தாக் காணுமே, அடுப்பு எரிய வேண்டாமே? இந்த மழையில கடை விறகு பத்தி எரியாது எண்டு இவருக்கு முதலே தெரியும். ஒரு வருசமாக் காய வைச்சு, கெதியாப் பத்த மெழுகும் பூசி வைச்சிருக்கிறார். அரிசி மற்றச் சாக்கில கிடக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். சுகன்யாதேவி கோடரியை நீட்டினாள். "இஞ்சாருங்கோ, நீங்களே கொத்துங்கோ."

கவர் இலேசில் பிளக்காது. ஏழாவது கொத்தில் திறந்தது. கருப்பும் பொன்னுமாக முழு மயிலிறகும் ஒரு கணம் அவருக்குத் தெரிந்தது. அடுத்த கணம் அவள் அதை எடுத்து அடுப்பில் செருகினாள். மெழுகு குப்பென்று பற்றியது.

பானை பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று சனம் கத்த, சிவகுருநாதனின் கண்ணும் வழிந்தது. புகை என்று நினைத்தார்கள். அவர் உண்மையாகவே அழுதார்.

ராசன் ஒலிவாங்கியைப் பிடித்தான். "வாற வருச விறகும் அண்ணையின்ர பொறுப்புத்தான். உங்கட பக்கத்தில எங்கயாவது மரம் வெட்டினா அண்ணைக்குச் சொல்லுங்கோ!"

உடனே மூன்று கைகள் உயர்ந்தன. ஒருவரின் தோட்டத்தில் செரி மரம் விழுந்து கிடக்கிறதாம். இன்னொருவரின் வேலைத்தலத்தில் ஓக். மூன்றாமவர் வீட்டில் பிளம். ஏற்றிக்கொண்டு போனால் போதுமாம்.

சிவகுருநாதன் கண்ணைத் துடைத்தார். பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த சுகன்யாதேவியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. இத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை இனி விழுங்க ஏலாது.

"விறகுக்கு மட்டும்தான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓம், ஓம், விறகுக்குத்தான்," என்றவர், செரிக்காரரின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"அதில கவர் ஏதும் கிடக்கோ?"