லாச்சிக் கோயில்

லிப்ட் பழுதாகி இரண்டாவது கிழமை. ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் மரக்கறியுமாகக் கோதை மூன்றாம் மாடித் திருப்பத்தை எட்டியபோது, நான்காம் மாடி சுசிலா அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

யன்னல் கட்டின் மேல் ஒரு லாச்சி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கோதையின் லாச்சிதான். இழுக்க வராமல் சிக்குகிறதென்று முந்தநாள் கீழே குப்பை அறையில் அவள் போட்டுவிட்டு வந்த, குசினி அலுமாரியில் கரண்டி வைக்கிற இழுப்பறை. அதன் தடுப்புகள் இப்போது சின்னச் சின்ன அறைகளாகியிருந்தன. ஒன்றில் ஏதோ வாகனத்தின் உடைந்த பக்கக் கண்ணாடி. இன்னொன்றில் முள் இல்லாத மணிக்கூடு. வெங்காயம் போட்டு விற்கிற சிவப்பு வலை மேலே திரைபோலச் சுருக்கிக் கட்டியிருந்தது. நடு அறையில் மட்டும் ஒன்றுமில்லை. வெள்ளை பெயின்ற் அடித்து வெறுமையாக விட்டிருந்தது.

"என்ன சாமி அக்கா இது?"

"தெரியேல்லைப் பிள்ளை. ஆனா ஏதோ இருக்கு."

யார் வேலை என்று கோதை விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. அண்ணை அம்பலவாணன் பாரிசில் உணவகக் குசினிகளிலேயே காலத்தைக் கழித்தவர். கடைசியாக வேலை செய்த கடையும் மூடியபிறகு, லண்டன் பார்க்கிங் பகுதியில் இருக்கும் தங்கச்சி கோதையிடம் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து தெருவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிச் சின்ன அறையை நிரப்பிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் திறப்பதில்லை. கேட்டால் ஒரு "ஓம்", கேட்காவிட்டால் அதுவுமில்லை.

ஐந்தாம் மாடிக்கு ஏறி, பைகளைத் தொப்பென்று போட்டுவிட்டுக் கோதை கேட்டாள். "அண்ணை, கீழை இருக்கிறது உங்கட வேலையோ?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

அவர் தேத்தண்ணியை ஊதினார். "ஏறிவாற சனம் அதிலைதான் நிண்டு மூச்சு வாங்குது. பாக்கிறதுக்கு வெறுஞ்சுவர். கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டு பாக்க ஏதும் இருக்கட்டும் எண்டு வைச்சனான்."

"சுசிலாக்கா கும்பிடுறா."

"அதிலை சாமி இல்லை."

"அதை அவவிட்டைச் சொல்லுங்கோ!"

அவர் தேத்தண்ணியோடு சின்ன அறைக்குள் போய்விட்டார்.

கோதைக்கு இதில் வேறொரு தலையிடியும் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குக் குடியிருப்பாளர் பிரதிநிதி அவள்தான். கூட்டத்தில் வேறு ஒருவரும் கை தூக்காததால் வந்த பதவி. படிகளில் ஒரு சாமானும் இருக்கக்கூடாது, நெருப்புப் பிடித்தால் ஆபத்து என்று மேனேஜர் சொன்னதை, கதவு கதவாகத் தட்டிச் சொன்னவளும் அவளே. அதனால் இரண்டாம் மாடி ஜதுர்ஷிகா மறுநாள் காலையில் அவளை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அக்கா, பிள்ளையின்ர தள்ளுவண்டியைப் படியடியிலை வைக்கக்கூடாது எண்டு சொன்னியள். இப்ப பிள்ளையையும் தூக்கி அதையும் தூக்கி ஏறுறன். உங்கட அண்ணையின்ர கோயில் மட்டும் இருக்கலாமோ?"

"அது கோயில் இல்லை."

"பூ வைச்சிருக்கக்கா! வாழைப்பழமும் இருக்கு!"

அன்று பின்னேரமே மேனேஜரும் போன் எடுத்தார். பலகை, வலை, எல்லாம் எரிகிற சாமான், உடனே எடுக்க வேண்டும் என்றார்.

அம்பலவாணன் மறுபேச்சில்லாமல் லாச்சியை எடுத்தார். அப்பாடா என்றிருந்தது கோதைக்கு. அந்த நிம்மதி ஒரு நாள்தான் இருந்தது. வேலை முடிந்து வந்தால், அதே இடத்துச் சுவரில் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று ஆணி முறுக்கிப் பூட்டியிருந்தது. மூடியைக் கதவாக்கியிருந்தார். உள்ளே பிளாஸ்டிக் போத்தல் மூடிகளை வெட்டி வெட்டி ஒட்டி, நடுவில் மறுபடியும் ஒரு வெறும் வட்டம்.

"தகரம் எரியாது," என்றார். "எரியிற சாமான்தானே பிரச்சினை எண்டனீ."

"சுவரிலை ஓட்டை போட்டிருக்கிறியள் அண்ணை! இது வாடகை வீடு!"

"சின்ன ஓட்டைதான்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கோதை தலைக்கு டை பூசிக்கொண்டு, ஊறட்டும் என்று இருந்த வேளையில் பயர் அலாம் அலறியது. கட்டடம் முழுவதும் படிகளில் இறங்கி ஓடியது. வெளியே தூறல். தோளில் பழைய துவாய், நெற்றியில் கறுப்பாக வழியும் டை, சுற்றிவர அயலவர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த தீயணைப்பு வீரர் ஒருவர், கருகிய ஒரு துணிப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று பிரதிநிதியைக் கேட்டார்.

எள்ளுப் பொட்டலம். கோதை திரும்பிச் சுசிலா அக்காவைப் பார்த்தாள்.

"புரட்டாதிச் சனியெல்லோ," என்றார் அவர். "கோயிலுக்குப் போறதெண்டால் இவ்வளவு படியும் இறங்கி ஏற வேணும். என்ர முழங்காலுக்கு ஏலாது. கிட்ட ஒரு கோயில் இருக்கேக்கை அதிலையே எள்ளெண்ணெய் எரிப்பம் எண்டு..."

"அது கோயில் இல்லை!"

கத்தியது அம்பலவாணன். அவருடைய குரல் இவ்வளவு பெரியதென்று கோதைக்கே மறந்துபோயிருந்தது.

"அதிலை சனீஸ்வரனும் இல்லை, ஒருத்தரும் இல்லை! நடுவிலை வெறுமையா விட்டது, வெறுமையா இருக்கத்தான். அதுக்குள்ளை ஏன் கொண்டுவந்து விளக்கை வைக்கிறியள்?"

"வெறுமையா விட்டால் ஆரும் வந்து இருப்பினம்தானே?"

"ஒருத்தரும் வரக்கூடாது!"

"அப்ப என்னத்துக்குத் தம்பி கதவு வைச்சனீர்?"

ஜதுர்ஷிகா பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துச் சிரித்தாள்.

"இரண்டு பேரும் வாயை மூடுங்கோ!" என்றாள் கோதை. "சனம் எல்லாம் நனையுது!"

அலாம் அடங்கியதும் அவள் பெட்டியைக் கழற்றத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குத் தனியாகப் போனாள். முதல் ஆணியைக் கழற்றியதும் கை வலித்தது. படியில் குந்தினாள். பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. நீலம், பச்சை, பால் போத்தலின் சிவப்பு என்று மூடித் துண்டுகள் சுற்றிவர நெருக்கமாக இருந்தன. நடு வட்டம் பாதி கரி பிடித்திருந்தது. ஏசுவதற்கு அவளிடம் நிறையச் சொற்கள் இருந்தன. மேனேஜருக்கு என்ன சொல்வது என்பதும் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க, அதில் ஒன்றும் முன்னுக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. உச்சந்தலை டையில் எரியத் தொடங்கியபிறகுதான் துள்ளி எழும்பினாள்.

மேனேஜருடன் இரண்டு நாள் மல்லுக்கட்டிக் கடைசியில் ஒரு சம்மதம் வாங்கினாள். வெளியே, சைக்கிள் கொட்டிலின் பின்பக்கச் செங்கல் சுவரில் பூட்டலாம். அங்கே எரிவதற்கும் ஒன்றுமில்லை, இடறுவதற்கும் ஆளில்லை. அம்பலவாணன் பெட்டியைத் துடைத்துக் கொண்டுபோய்ப் பூட்டினார். அடுத்த கிழமை லிப்டும் ஓடத் தொடங்கியதால், சுசிலா அக்கா சனிக்கிழமை விளக்கோடு அதிலேயே கீழே இறங்கி வந்தார். நடு வட்டத்துக்குள் விளக்கு போகாமல் பார்ப்பதற்கென்று அம்பலவாணனும் இறங்கிப் போனார்.

அரை மணித்தியாலமாகியும் அவர் வரவில்லை. இருவரின் சத்தமும் ஐந்தாம் மாடிவரை கேட்டது. கோதை யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். விளக்கு கீழே, நிலத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதன் இருபக்கமும் நின்று இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள்.

"அண்ணை! சாப்பாடு ஆறுது!"

"பொறு பிள்ளை! இவவுக்கு இன்னும் விளங்கேல்லை!"

"எனக்கு விளங்குது, உங்கட அண்ணருக்குத்தான் விளங்கேல்லை!" என்றார் சுசிலா அக்கா.

"சரி அக்கா, மேலை வாங்கோ. இருந்து கதைப்பம்," என்று அம்பலவாணன் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, இங்கையோ?" என்றாள் கோதை தனக்குள்ளேயே. பிறகு யன்னலைச் சாத்திவிட்டு, தேத்தண்ணிக் கேத்திலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.