கொழுந்தன் பார்த்த வைத்தியம்

பெரியநாயகிக்குத் தன் கொழுந்தன் மாயவனைக் கண்டாலே குமட்டும். போன வருஷம் அவள் புருஷன் தெய்வசிகாமணிக்குப் பித்தக்குழாயில் புற்று என்று சென்னையில் ஆபரேஷன் நடந்தபோது, வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றவன் அவன். நைனார்பாளையம் திரும்பியதும், "நான் இல்லன்னா அண்ணன் இல்ல" என்று ஊரெல்லாம் முழங்கினான்.

ஆடியில் தெய்வசிகாமணியின் கண் மறுபடியும் மஞ்சளாயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தம் வரச் சொறிந்தார்.

"மெட்ராஸுக்குப் போயிடலாங்க" என்றாள்.

மாயவன் குறுக்கே விழுந்தான். "சாதா காமாலை அண்ணி. அறுத்துப் போட்டது எப்பிடித் திரும்பி வரும்? இன்னா பேசறீங்க?"

கத்திக்குப் பயந்த புருஷன் தம்பி பக்கம் சாய்ந்தார். இருவரும் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினார்கள். பச்சிலை வந்தது. கூடவே மாயவனின் பத்தியமும்: உப்பு கம்மி, எண்ணெய் கூடாது. ஆள் எலும்பும் தோலுமானார். வயிறு மட்டும் உப்பியது.

அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. வாடகைக் கார் பிடித்தாள். அன்றுதான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. கூட்டத்தின் முன்னால், தலையில் துண்டோடு மாயவன்.

"நாள் பாத்துக் கெளம்பினீங்களே அண்ணி!"

"உன் போராட்டம் நாயமாவே இருக்கட்டும். உங்க அண்ணன தூக்கி அந்தாண்ட வை."

மற்றவர்கள்தான் ஓடிவந்து தெய்வசிகாமணியை மரத்தைத் தாண்டித் தூக்கிப்போய், அந்தப் பக்கம் மாட்டி நின்ற வேனில் ஏற்றினார்கள்.

சென்னையில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "ஈரல் பூரா பரவிடுச்சும்மா. வயித்துல தண்ணியும் கோத்திருக்கு. இனி அறுக்க முடியாது."

"ஆடியிலயே வந்திருந்தா?"

"அரிப்பையாவது கொறச்சிருக்கலாம். இத நிறுத்தியிருக்க முடியாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் நெறைய பேருக்கு இது திரும்பி வருது."

பெரியநாயகிக்கு ஏமாற்றமாக இருந்தது. கொலைகாரன் என்று மாயவன் முகத்துக்கு நேரே சொல்லக் காத்திருந்தாள். இப்போது அவன் கொலைகாரன்கூட இல்லை, வெறும் முட்டாள். ஆனாலும் அத்தனை நாள் அரிப்பு அவன் கொடுத்ததுதான்.

வீட்டில் தெய்வசிகாமணி அவள் கையைப் பிடித்தார். "அவன ஒண்ணும் சொல்லாத. நான்தான பயந்துக்கினு அவன் பின்னால போனன்."

"சரிங்க" என்றாள். அவர் இருந்தவரை சொல்லவில்லை.

கார்த்திகையில் போய்ச்சேர்ந்தார். கருமாதிப் பந்தியில் மாயவன், "மலைமலையா அலைஞ்சு வைத்தியம் பாத்தன்" என்று ஆரம்பித்தான்.

பெரியநாயகி வாசற்படியில் வந்து நின்றாள்.

"வாய மூடிக்கினு சோத்தத் துன்னுட்டுப் போ."