குழாய் காயக் கூடாது

எங்கள் ஆலையில் எனக்கு மனப்பாடமான சட்டம் ஒன்றே ஒன்று: குழாய் காயக் கூடாது.

ஆளுயரக் கண்ணாடிக் குழாய். அதற்குள் கடுகளவு பிசின் மணிகள். இலை ஊறிய நீரை மேலே ஊற்றினால் மருந்துச் சத்தை மணிகள் பிடித்துக்கொள்ளும். வெறும் நீர் கீழே சொட்டும். கடைசியில் எரிசாராயத்தை விட்டால் பிடித்ததையெல்லாம் கொடுத்துவிடும். ஒரு மூட்டை இலை ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடும். நீர்மட்டம் மணிகளுக்குக் கீழே இறங்கினாலோ, மணிகளுக்கிடையே காற்றுப் புகுந்து வெடிப்பு விடும். மூன்று நாள் வேலை போச்சு. அதனால் ஒரு ஆள் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்தக் கழுதை நான்தான்.

என் மகள் பள்ளியில் படித்த காலத்தில் இங்கே ஃபோன் செய்வாள். "ஒரு நிமிஷம்டா கண்ணு" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வந்தால் லைன் செத்திருக்கும். அவள் பரிசு வாங்கிய கதை எனக்கு இன்றுவரை பாதிதான் தெரியும். அவள் அம்மா இறந்தபின் இங்கே ஃபோன் செய்வதும் நின்றது. இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

இன்று ஃபோன் அடித்தது. சாராய ஆவி இருப்பதால் உள்ளே ஃபோனுக்கு அனுமதியில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்கிறது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. சாப்டியா?"

"ம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

குரல் சரியில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். மணிகளுக்கு மேலே இரண்டு விரல் நீர்.

"வேலையா இருக்கீங்களா? அப்புறம் கூப்பிடட்டுமா?"

"என்ன வேலை? ஈ ஓட்டிட்டு இருக்கேன். நீ சொல்லு."

அதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்ப்பா. வெச்சிடாதீங்க."

பத்தே அடி. ஓடிப்போய் ஒரு குவளை நீர் ஊற்றிவிட்டு வந்துவிடலாம். அந்த நேரம் பார்த்து அவள் வந்து, "அப்பா?" என்று கூப்பிட்டு, பதில் இல்லாவிட்டால்? பழைய அப்பாதான் என்று வைத்துவிடுவாள். எனக்குப் பயமாக இருந்தது.

நீர் மணிகளைத் தொட்டது, உள்ளே இறங்கியது. மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்து கிடுகிடுவென்று கீழே ஓடியது. நாளைக்கு மேலாளர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எத்தனை தடவை இவள் இப்படி நின்றிருப்பாள்!

"லைன்லதான் இருக்கேன்மா," என்றேன், கேட்க அங்கே ஆளில்லாவிட்டாலும்.