கருத்தரங்குக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

கறுப்புக் கண்ணாடியைக் கீதாவின் முன்னால் வைத்தார் துளசிங்கம். அவர் கோட்டைக்குப்பத்து ஊர்த்தலைவர். செத்துப்போன அவள் புருஷனுக்கு அண்ணன்.

"போட்டுக்கோம்மா. மேடையில எல்லாரும் உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. வலது கண்ணு நல்லாவா கீது?"

"நல்லா இல்லாம பண்ணது உங்க மச்சான்தான?"

அவர் காதில் அது விழவில்லை. தலைவர்களுக்கு அதைக் கேட்கிற காது கிடையாது.

பழவேற்காடு ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். புருஷனின் பாடு மகன் பூவரசனுக்கு வர வேண்டும் என்று கீதா படகுத்துறையில் நியாயம் கேட்டாள். துளசிங்கத்தின் மச்சான் மோகன்குமார் படகு தள்ளும் கழியால் பதில் சொன்னான். கண் போயிற்று. போலீசுக்குப் போனால் ஊர்க் கட்டுப்பாடு அடித்தவனை விட்டுவிட்டு, போலீசுக்குப் போனவளைப் பிடிக்கும்; அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வாசல் மிதிக்காது. அதனால் பஞ்சாயத்து கூடியது. மோகன்குமார் காலில் விழுந்தான். தீர்ந்தது.

சென்னையில் ஒரு சட்டக் கல்லூரி வருஷா வருஷம் குற்றவியல் சட்டக் கருத்தரங்கு நடத்தும். ஏசி அறையில் பேசி அலுத்ததோ என்னவோ, இந்த வருஷத் தலைப்பு 'கோர்ட் இல்லாத நீதி', இடம் பழவேற்காட்டுக் கல்யாண மண்டபம். துளசிங்கம் சிறப்பு விருந்தினர். பஞ்சாயத்துத் தீர்ப்பில் திருப்தி என்று கீதா மேடையில் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த குலுக்கலில் பூவரசன் பேர் சேரும். அடிபட்ட மீனைத் திருப்பிப் போட்டு நல்ல பக்கம் காட்டி விற்கிற வித்தை கீதாவுக்கும் தெரியும். கண்ணாடியை எடுத்துக்கொண்டாள்.

கோர்ட்டில் வாய்தா வாங்கியே ஆயுசு போகும், எங்கள் குப்பத்தில் ஒரே சாயங்காலத்தில் நியாயம் என்று மேடையில் துளசிங்கம் முழங்க, கைதட்டல் விழுந்தது. ஒரு பேராசிரியை மைக்கைக் கீதாவிடம் நீட்டினார்.

"உங்களை அடிச்சவரை மன்னிச்சிட்டீங்களாம்மா?"

கீதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"என்கிட்ட யாரும் மன்னிப்பு கேக்கலியேம்மா. பஞ்சாயத்துக்குப் பொம்பளைங்க வரக் கூடாது, அது வழக்கம். அவன் இவரு கால்லதான் விழுந்தான். இவரு அவனுக்கு அக்கா புருஷன். இவரு மன்னிச்சிட்டாரு. கண்ணு போனது எனக்கு."

மிக முக்கியமான கருத்து என்று நன்றி சொல்லி, பேராசிரியை எல்லாரையும் சாப்பிட அழைத்தார். இறால் வறுவல் விஷயத்தில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

துளசிங்கம் போகிற போக்கில் பூவரசனிடம் ஏதோ சொன்னார். அவன் அம்மாவிடம் வந்தான்.

"பாடு போச்சும்மா."

அவனே தொடர்ந்தான்.

"போனது போச்சு. நீ போலீஸ்ல போய் எழுதிக் குடு. வூட்ட நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் கீதா ஏறினாள். பொன்னேரி போலீஸ் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னாள். புகாரில் இன்னா எழுதணும் என்று சொல்ல யாராவது ஒருத்தர் கூட வந்தால் போதும் என்றாள்.

பேருந்து நிறையக் குற்றவியல் சட்டம் உட்கார்ந்திருந்தது. பொன்னேரி வந்தபோது ஒருவருக்குத் தூக்கம், ஒருவருக்குப் போன். பேராசிரியைக்கு வீட்டில் குழந்தை காத்திருந்தது. கீதா மட்டும் இறங்கினாள். வண்டி நகரும்போது யாரோ ஜன்னல் வழியாக அவள் கையில் கருத்தரங்குப் பையைத் திணித்தார்கள்.

உள்ளே ஒரு பேனா இருந்தது. வெறுந்தாள் இருந்தது. கீதா ஸ்டேஷன் படி ஏறினாள்.