பின்னால் வந்த கடை

பெயின்டர் குடியை விடுவதாகச் சொன்ன மறுநாள் காலை, தெருமுனையில் இருந்த மதுக்கடை எழுந்து அவன் பின்னால் நடந்தது. கம்பி வலை, பாதி ஏற்றிய ஷட்டர், மினுக்கும் விளக்குப் பலகை, முன்னால் முண்டியடிக்கும் கூட்டம் என்று எதையும் விட்டுவைக்காமல் முழுசாகக் கிளம்பியது. அவன் சுவருக்கு வெள்ளையடித்தால் சாரத்தின் கீழே நின்றது. பஸ் ஏறினால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. அக்கம்பக்கத்தார் கடையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைத்தான் பிடித்துக்கொண்டார்கள், குடும்பங்கள் இருக்கிற தெருவில் இப்படிக் கடையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று. அதிகாரியிடம் போனால், கடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றுதான் விதி, ஆள் பின்னால் போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றார். கடைக்குள் இருந்த விற்பனையாள் குணத்தில் நல்லவன்தான். "நான் என்னண்ணே பண்றது? கடை போற பக்கம் நானும் போறேன்," என்று வலைக்குள்ளிருந்து சொல்லிவிட்டு, வழக்கமான பாட்டிலை எடுத்துத் தயாராக வைத்தான்.

பெயின்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. போகாத கறைகளோடு மல்லுக்கட்டியே கையும் கோபமும் உரமேறியவள். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற அறை ஒன்று இருக்கிறது, அங்கே போய்த் தேறியவர்கள் உண்டு என்று வார்டு நர்ஸ் சொன்னாள். எங்கே என்றால், அச்சகத்துக்குப் பின்னால் எங்கோ என்றாள். பலகை வைப்பதில்லையாம். வருகிறவர்களின் மானம் போய்விடுமாம். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குடிக்க வழிகாட்ட ஊர் முழுக்க விளக்கெரிகிறது, விடுவதற்கு வழி கேட்டால் கிசுகிசுப்பு. வேலை முடிந்த கையோடு அவள் கால் கடுக்க அலைந்தாள். மருந்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

ஒருவழியாக அச்சகத்தின் பின்தெருவைக் கண்டுபிடித்தபோது, அதன் இரண்டு பக்கமும் மதுக்கடைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. இந்தத் தெருவுக்கு வந்தா ஒருவன் குடியை விடுவான் என்று அவளுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் பூட்டாத ஒரே கதவைத் தட்டி, குடியை விடுகிறவர்கள் கூடுகிற இடம் இதுதானா என்று கேட்டாள். திறந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். உள்ளே உட்காருகிற எவரையும் வெளியாளிடம் காட்டிக்கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தவர். அதிலும் புருஷனைத் தேடி வருகிற பெண்டாட்டிகளிடம் வாயே திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் முதல் கட்டுப்பாடு. "அப்படி யாரும் இங்க இல்லம்மா. நாங்க செஸ் விளையாடறோம்," என்று வாய் கூசாமல் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவளும் ஒருமுறை கடைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதை நம்பினாள்.

அந்த வாரமே பெயின்டர் கம்பி வலைக்குள் கையை நீட்டினான். நீட்டிய கையை எடுக்கவே இல்லை. கண் மஞ்சளாகி, அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தான். அவன் படுத்த விரிப்புகளை அவளே துவைத்தாள். இன்னொரு முறை குடித்தால் இங்கே கொண்டுவராதீர்கள், பிரயோஜனமில்லை என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். அப்போதுதான் நர்ஸ் விசாரித்தாள், அந்த அறையை நடத்துகிற தபால்காரர் கதவைத் திறந்தாரா இல்லையா என்று. செஸ் என்று அவர் சொன்னது பொய் என்று அவளுக்கு உறைத்தது.

அவனை வெளியே விட்ட அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல், கையைப் பிடித்து நேராக அந்தத் தெருவுக்கு இழுத்துப் போனாள். கடையும் பின்னால் வந்தது. தெருவுக்குள் நுழைந்ததும், வரிசையில் ஓர் இடைவெளி பார்த்துத் தானாக ஒதுங்கி, மற்ற கடைகளோடு நின்றுகொண்டது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனையும் உள்ளே இருப்பவர்களின் பின்னால் வந்த கடைகள். அவர்கள் வெளியே வரட்டும் என்று காத்து நிற்கின்றன.

கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். "செஸ்ஸா விளையாடறீங்க? உங்க மானத்தக் காப்பாத்த என் புருஷனக் கொல்லப் பாத்தீங்களே! உள்ள இருக்கறவங்க பேரு எனக்கு எதுக்கு? கதவு இதுதான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். தபால்காரர் வாசலை விட்டு விலகி நின்றார். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டார். பெயின்டர் அதில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் பேச வாயெடுத்து, அழுதான். அவள் அழவில்லை. யாரையும் மன்னிக்கவும் இல்லை.

பலகை வைக்கச் சொல்லி அவள் போட்ட சண்டை வருடக்கணக்கில் நடந்தது. அவர்கள் மசியவில்லை. பெயின்டர் குடிக்காமலே நரைத்தான். அவன் கடை துருப்பிடித்ததே தவிர, ஒருநாளும் பின்னால் வராமல் இருந்ததில்லை. தெருக்காரர்கள் கடைகளைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். கூட்டம் நடக்கிற மாலைகளில் அவள் தெருமுனையில் ஒரு நாற்காலியைப் போட்டு, பலகைக்குப் பதிலாகத் தானே உட்கார்ந்திருக்கிறாள். கோபம் இம்மியும் குறையவில்லை. போன வாரம் ஒரு பெண், கை நடுங்கும் தன் அண்ணனைப் பிடித்துக்கொண்டு வந்து திருதிருவென்று விழித்தாள். அவர்களுக்குப் பின்னால் புத்தம்புதுக் கடை ஒன்று வெளிச்சத்தை வாரியிறைத்தபடி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் இவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தக் கதவுதான்மா. கடை இப்படி ஓரமா நிக்கட்டும். நீங்க உள்ள போங்க."