காப்புக் கட்டிய மாப்பிள்ளை

நலுங்கு வைக்க வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கிடந்து கருத்துப்போன சிவக்குமார், கல்யாணக் களை வந்ததும் தங்கமாய் மின்னுகிறானாம். கன்னத்தில் பூசிய மஞ்சளுக்கும் அதற்கு அடியில் இருந்த மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் அந்தப் பந்தலில் அவனைத் தவிர மூன்று பேர்தான்: அம்மா செல்லத்தாய், பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட அக்கா தாமரைச்செல்வி, தாய்மாமன் காசிமாயன். மாமன்தான் பெண்ணுக்கு அப்பாவும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சொந்தத்தில் பெண் எடுப்பதில் இப்படியும் ஒரு வசதி.

தம்பியை மதுரையில் டாக்டரிடம் கூட்டிப்போனவள் தாமரை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இது ஹெப்படைட்டிஸ் பி, சாதாரணக் காமாலை இல்லை என்றார் டாக்டர். சமீபத்தில் எங்காவது ஊசி போட்டாயா, பச்சை குத்தினாயா என்று கேட்டார். பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குப் போனவன், தான் அணைந்து அடக்கிய காளையின் முகத்தை அங்கேயே தோளில் பச்சை குத்திக்கொண்டு வந்திருந்தான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே ஊசி. கொம்புக்குத் தப்பியவன் அதற்குத் தப்பவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு ஓய்விலேயே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் ஈரல் திடீரென்று கைவிட்டுவிடும் என்றார் டாக்டர். பகலில் தூங்கி வழிந்தால், பேச்சு மாறினால், கையை நீட்டச் சொல்லும்போது மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டால் உடனே தூக்கி வந்துவிட வேண்டும். நாட்டு மருந்து கூடாது. கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகப் பெண்ணுக்கு, ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட காசிமாயன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். யோசித்து முடித்தபோது ஈரலைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. மதுரை சாலையில் கோச்சடையில் வாடகைக்குப் பிடித்த மண்டபத்தைப் பற்றிப் பேசினார். சாலையோரம் நட்டுவிட்ட பேனரைப் பற்றிப் பேசினார். அதில் காளையும் மாப்பிள்ளையும் ஒரே உயரத்தில் நின்றார்கள். முகத்துக்கு மஞ்சள் இருக்கிறது, கண்ணுக்கு என்ன செய்வது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அதற்கும் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி வந்தார். செல்லத்தாய் தன் பங்குக்கு, டாக்டருக்கா தெரியப்போகிறது என்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாள்.

இப்போது பந்தலில் சிவக்குமார் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். சந்தனம் பூசுவதற்குக் கையை நீட்டச் சொல்லி எழுப்பினார்கள். நீட்டினான். இரண்டு கையும் மணிக்கட்டில் ஒடிந்து ஒடிந்து அடித்துக்கொண்டன.

"மாப்ள இப்பவே கைய ஆட்டி ஓட்டுக் கேக்குறாரு" என்றான் கூட்டாளி மருது. பந்தலே சிரித்தது. சிவக்குமாரும் சிரித்தான். அக்காவைப் பார்த்து, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா அத்தை என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள்.

தாமரை மாமனைத் தனியே கூப்பிட்டாள். "கை அடிக்கிது மாமா. டாக்டர் சொன்னது இதத்தான். இப்பவே கூட்டிப் போகணும்."

"காப்புக் கட்டியாச்சு ஆத்தா. ஊர் எல்லையத் தாண்டப்படாது. நாளைக்குத் தாலி ஏறட்டும், பொறகு நானே தூக்கிட்டு ஓடுறேன்."

கோச்சடை மட்டும் எல்லைக்கு உள்ளேயா இருக்கிறது என்று கேட்டாள். மண்டபத்துக்குப் போனால் குற்றமில்லையாம். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஆஸ்பத்திரிக்குத்தான் சாமி உத்தரவு கொடுக்கவில்லை. அம்மாவிடம் போனாள். அம்மா அழுதாள், அழுதுகொண்டே, மாமன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

தாமரை பந்தலை விட்டு இறங்கினாள். நேரே மாமன் வீட்டுக்கு நடந்தாள். அங்கே மணப்பெண் பாண்டீஸ்வரி முகமெல்லாம் மஞ்சளோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நோயைச் சொன்னாள், பச்சை குத்தியதைச் சொன்னாள், அவளுக்குப் போட வேண்டிய ஊசியையும் சொன்னாள். வெளியே ரேடியோ செட்காரன் மைக்கைத் தட்டித் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா மதினி?"

"தெரியும்."

"அப்ப எனக்கும் சேத்துத்தான் மஞ்ச பூசியிருக்காரு."

அவள் எழுந்து தெருவில் இறங்கினாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலுக்குள் தானாக நடந்து வந்ததைப் பார்த்து மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். தன் கையிலிருந்த காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். தாம்பாளத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து மச்சானுடைய காப்பையும் வெட்டினாள். அவன் அவளை யாரோ என்று பார்த்தான்.

"இப்பக் காப்பு இல்லப்பா. எந்த எல்லைய வேணும்னாலும் தாண்டலாம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

இருந்தது ஒரே வண்டி, ஊர்வலத்துக்குப் பூ ஜோடித்த கார். கோச்சடை மண்டப வாசலில் குலைவாழை கட்டிக்கொண்டிருந்தவர்கள், மாப்பிள்ளை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே என்று வழிவிட்டு நின்றார்கள். கார் நிற்காமல் போயிற்று.

சிவக்குமார் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அவன் பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் கல்யாணத்துக்கு வந்த சனம் வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லிக் கலைந்தது. காசிமாயன் ஜாதகத்தில் அவசரமாக ஒரு தோஷத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஈரல் கெட்டது என்பதைவிட ஜாதகம் கெட்டது என்று சொல்வது கௌரவம்.

ஒரு வாரம் போலக் கழித்து, தாமரை உள்ளே போனபோது சிவக்குமார் "அக்கா, தண்ணி" என்றான். அத்தை என்று சொல்லவில்லை.

இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று காசிமாயன் பஞ்சாங்கத்தோடு வந்தார். ஆவணியில் ஒரு முகூர்த்தம் வருகிறது, விட்டால் கிடைக்காது என்றார். பாண்டீஸ்வரி முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது ஊசி கார்த்திகையிலதான். அது முடியட்டும், மச்சான் ரத்தத்தையும் திரும்பப் பாக்கட்டும். பொறகு இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்."

மாமன் ஆதரவு தேடித் தாமரையைப் பார்த்தார். அவள் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க மாமா. சட்டைக் கையச் சுருட்டி விடுங்க. அடுத்து உங்களத்தான் கூப்பிடுவாக."