எழுந்திரு என்று சொல்லும்வரை

...வரட்டும், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வரட்டும், பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் ஒன்றரைக்கும் வரவில்லை, அதற்கும் கைதட்டத்தானே இந்த ஊர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அகின்டேலே பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார், பந்தலின் கிழிசல் வழியாக வெயில் அவர் மண்டையைத் தேடித் தேடி வந்து விழுந்தது. வேறு எவனாவது இப்படிக் காக்கவைத்தால் திமிர் என்பார்கள், செனட்டர் லாடிப்போ காக்கவைத்தால் மட்டும் பெரிய மனுஷன், ஆயிரம் வேலை... என்ன பெரிய வேலை? கண்ணாடி முன்னால் நிற்கிற வேலை. இருக்கட்டும், இன்றோடு சரி. வார்டின் ஆதரவு யாருக்கு என்று மூத்தவர் எழுந்து ஒரு பெயரைச் சொல்வார், சொன்ன பெயருக்கு மைதானம் முழுக்கக் கை தூக்கும், இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். மூத்தவர் அகின்டேலே. மூன்று தேர்தலாக லாடிப்போ என்று சொன்ன அதே வாய் இன்று மோரெனிகே என்று சொல்லப்போகிறது. மருந்துக்கடை மோரெனிகே, நேர்மையான பெண், அதோ மாமரத்தடியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காரணம் கேட்டால்? காரணம் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறதே, திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், கூரை இல்லாத மூன்று வகுப்பறைகள். காற்றில் பறந்த கூரைக்குப் பதிலாகத் தகரம் ஏற்றிய லாரி வந்தது, லாடிப்போ அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான், லாரி போய்விட்டது, தகரமும் போய்விட்டது. அந்தத் தகரம் அவனுடைய விருந்தினர் மாளிகையில் மின்னுகிறது என்று ஊருக்கே தெரியும், ஊர் சிரித்துக்கொண்டே சொல்கிறது, அதுதான் வயிறு எரிகிறது.

பெண்கள் வரிசையில் அபேக்கே இருந்தாள், அவருடைய சொந்த மனைவி, முப்பத்தாறு வருடம் அவர் வீட்டுச் சோற்றைக் கிண்டியவள், லாடிப்போ வார்டுப் பெண்களுக்கெல்லாம் அனுப்பிய மயில்கழுத்து நிறத் துணியில் தைத்துப் போட்டு, அதே துணியில் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு. காலையில் கேட்டதற்கு, "நான் மட்டும் வேற துணியில போய் நின்னா, லான்ரே அப்பா, செத்த வீட்டுக்கு வந்தவன்னு நினைப்பாங்க" என்றாள். சரி, துணி போகட்டும், அந்தத் தலைக்கட்டை இவ்வளவு உயரமாகக் கட்டியிருக்க வேண்டுமா? கண்ணாடி முன்னால் அரை மணி நேரம்... என் அறுபதாவது பிறந்தநாளுக்கு இதில் பாதி உயரம்கூட இல்லையே. அவள் எதையோ சொல்லி, பக்கத்தில் இருந்தவள் தோளில் தட்டிச் சிரித்தாள், என்ன சொல்லியிருப்பாள், அந்த நீதிமன்றக் கதையாகத்தான் இருக்கும். ஊழல் வழக்குக்கு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள், இவன் பாண்டு வாத்தியத்தோடு போனான், சிவப்புச் சப்பாத்து, சிவப்புத் தொப்பி, படிக்கட்டில் ஆடிக்கொண்டே ஏறினான், கோப்பு காணாமல் போய் வழக்கு தள்ளுபடியானதும் ஆடிக்கொண்டே இறங்கினான். ஐந்து கட்சி மாறியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே மாறினான், நிஜக் கண்ணீர், ஜனங்களும் கூடவே அழுதார்கள். ஒரு பொய்க்கு நான் ஒரு வாரம் தூங்காமல் கிடப்பேன், அவனுக்கு மட்டும் எப்படி வருகிறது?

அந்த வாளி. அதை நினைத்தால்தான் தாங்க முடிவதில்லை... சட்டமன்றத்துக்குள் ஒரு வாளிக் கலங்கல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் அமைச்சர் மேசைமேல் வைத்து, "குடிங்க ஐயா, எங்க ஊர்ப் பிள்ளைங்க தினம் குடிக்கிறதுதான்" என்றானே, நாடே அன்றைக்குத்தான் அவன் பெயரைக் கேட்டது, மறு மாதம் கிணறு வந்தது, மறு தேர்தலில் செனட்டர் ஆனான். அந்த வாளி என்னுடையது. பேருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில், அமலா உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, ஒரு வாளித் தண்ணியைக் கொண்டுபோய் அவனுங்க மேசையில வைக்கணும்டா என்று நான் சொன்னேன், நான்! அவன் விரலை நக்கிக்கொண்டு, "நல்லாயிருக்கே அண்ணே" என்றான், அவ்வளவுதான். சொன்னவன் இங்கே ஓட்டைப் பந்தலில், தூக்கிக்கொண்டு போனவன்... ஆனால் அகின்டேலே, உண்மையைச் சொல், நீ தூக்கிக்கொண்டு போயிருப்பாயா? தண்ணீர் சிந்திச் சட்டை நனையுமே என்று வாசலிலேயே நின்றிருப்பாய். சீ, அது வேறு பேச்சு. யோசனை யாருடையது என்பதுதான் பேச்சு.

மேளம் கேட்டது. தோளில் தொங்கும் பேசும் மேளத்தை அக்குளில் இறுக்கியும் தளர்த்தியும் அயான்துண்டே அடிக்க ஆரம்பித்தான், ஒலாவின் மகனே, வாசலை அடைத்து வரும் யானையே என்று லாடிப்போவின் வம்சப் புகழ் மேளத்திலிருந்து அட்சரம் பிசகாமல் வந்தது, கூட்டம் எழுந்துவிட்டது. வாடகை மோட்டார் சைக்கிளில் வருகிறான்! நான்கு கார்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பின்சீட்டில் எழுந்து நின்றுகொண்டு, வெள்ளை அக்பாடா அங்கி பாய்மரம் மாதிரி உப்பிக்கொள்ள, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு... விழ மாட்டானா? ஒரே ஒரு குழி... விழவில்லை. விழுந்திருந்தாலும் அதற்கும் ஒரு பாட்டு கட்டியிருப்பார்கள். "அபேக்கே அக்கா! இந்தத் தலைக்கட்டுக்குப் பின்னால ஊரே மறையுதே, கொஞ்சம் குனிங்க, நானும் உலகத்தைப் பார்க்கிறேன்!" என்றான் இறங்கினதும் இறங்காததுமாக, பெண்கள் வரிசை குலுங்கியது. "நீங்க லேட்டா வந்தா உலகம் எப்படிங்க தெரியும்?" என்று அபேக்கே, அவருடைய அபேக்கே, பதிலுக்குப் பதில் கொடுத்தாள், வீட்டில் இப்படி ஒரு வாய் இருப்பதே அவருக்குத் தெரியாது.

பார்க்கக் கூடாது என்று மடியில் இருந்த விசிறியைப் பார்த்தார். போன மாதம் அவன் பிறந்தநாள் விருந்தில் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்களே, யாரோ சிமெண்ட் வியாபாரிக்குப் பின்னால், அவனைவிட இரண்டு வயது மூத்தவனை, நாலாம் வகுப்பில் இரண்டு வருடம் தவறியதால்தான் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தவனை... அன்றும் வந்தான், கை குலுக்கினான். கை! மூத்தவனுக்குக் கையா? தரையில் நீளப் படுத்து வணங்க வேண்டியவன், நகரத்துக்காரன் மாதிரி கையை நீட்டினான், சிமெண்ட் வியாபாரி பார்த்துக்கொண்டிருந்தான். இன்றும் நீட்டட்டும், வாங்காமல் உட்கார்ந்திருப்பேன் என்று விசிறியை இறுக்கிப் பிடித்தார். சிவப்புச் சப்பாத்து அவர் எதிரில் வந்து நின்றது. பிறகு சிவப்புச் சப்பாத்தைக் காணவில்லை. செம்மண் புழுதியில், வெள்ளை அக்பாடாவோடு, நெஞ்சும் வயிறும் முழங்காலும் தரையில் படிய, செனட்டர் லாடிப்போ அவர் காலடியில் நீட்டிப் படுத்திருந்தான்.

மைதானம் அடங்கிவிட்டது. மேளமும் நின்றுவிட்டது. மூத்தவர் தொட்டு, போதும், எழுந்திரு என்று சொல்லும்வரை கீழே கிடப்பவன் எழக் கூடாது, அவன் செனட்டராகட்டும், ராஜாவாகட்டும். அகின்டேலே சொல்லவில்லை. கிடக்கட்டும். இந்த முதுகை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார், தொப்பி உருண்டு போய் நடுமண்டை தெரிந்தது, சாயம் பூசிய முடியின் வேரில் நரை. வாளிக்காக இவ்வளவு நேரம் கிடக்கட்டும். அபேக்கேயின் சிரிப்புக்கு இன்னும் இவ்வளவு. முந்நூறு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள், பிறந்ததிலிருந்து யாரும் அவர் வாயை இப்படிப் பார்த்ததில்லை, எவ்வளவு நன்றாக இருக்கிறது, கடவுளே, இவ்வளவு நன்றாகவா இருக்கும்? தினம் இதையா அனுபவிக்கிறான் இந்தப் பாவி? "அண்ணே," கீழேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது, "முட்டி ரெண்டும் போச்சு அண்ணே. சீக்கிரம் சொல்லுங்க. இல்ல, இன்னும் கோபமிருந்தா இருங்க, படுத்திருக்கேன்." சிரிக்கிறானா? ஒரு கன்னம் மண்ணில் இருந்தது, தெரியவில்லை. சுற்றிலும் கைபேசிகள் உயர்ந்துவிட்டன, எத்தனை நேரம் கிடக்கிறானோ அத்தனைக்கு அவன் பெரியவனாகிறான் என்பது அப்போதுதான் உறைத்தது, உறைத்தும் கை தானாக நீண்டு அந்த ஈர முதுகைத் தொட்டது. "போதும்டா. எழுந்திரு."

கூட்டம் ஓவென்று கத்தியது. அபேக்கே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், யாருக்காக? அயான்துண்டே முன்னால் வந்து குனிந்து மேளத்தை அகின்டேலே பக்கம் திருப்பினான், காட்டெருமைக்கு வழிவிடாதவன் பேரனே, ஊர் எழுமுன் எழுந்தவன் மகனே... அப்பாவின் சாவுக்குப் பிறகு யாரும் அடிக்காத அவருடைய வம்சப் புகழ். தோளெல்லாம் சிலிர்த்தது. அப்படியே எழுந்தார். பெயரைச் சொல்ல வேண்டும். மோரெனிகே, சொல், நான்கு எழுத்து, கூரைக்காகத்தானே... கூரை பறந்து மூன்று வருடமாயிற்றே, அகின்டேலே. மூன்று வருடமும் நீ எங்கே போனாய்? மோரெனிகேயின் பெயர் உனக்கு எப்போது ஞாபகம் வந்தது, மூன்றாவது வரிசையிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்குத்தானே? மாமரத்தடியில் அவள் எழுந்து நின்று அவரையே பார்த்தாள், மடியில் இருந்த கைப்பை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல். பக்கத்தில் லாடிப்போ நெஞ்சில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டாமல் நின்றான், தட்ட மாட்டான், அவனுக்கா தெரியாது. எல்லோரும் காத்திருந்தார்கள், மேளம் நின்றுவிட்டது. அகின்டேலே வாயைத் திறந்தார், பெயர் நுனிநாக்கில்தான் இருந்தது, எந்தப் பெயர் என்று அவருக்கே தெரியவில்லை, அயான்துண்டே இன்னும் ஒரே ஒரு தடவை அந்த வம்சப் புகழை அடித்தால் தேவலை, பிறகு சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபடியே நின்றார்.